தாளிக்காத வீடு

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம் நடந்தது. ஜில்லாவின் சுகாதார இலாகாவில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் சேர்ந்து, ஓய்வு பெற்ற எங்களைப் போன்ற கிழடுகளை மேடையில் வரிசையாக உட்காரவைத்து மாலை போட்டார்கள். எனக்கு வந்தது சம்பங்கி மாலை. கழுத்தெல்லாம் அரித்தது. என்னைப் பற்றிப் பேச வந்த இளைஞர் நன்றாகத்தான் பேசினார். "இவர் தெருவில் நடந்து போனாலே போதும். எந்த வீட்டில் வைசூரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காலத்தில் இவருக்கு மூக்கு டாக்டர் என்றே பெயர்" என்றார். சபை கை தட்டியது. பதில் சொல்ல என்னை எழுப்பினார்கள். எழுந்தேன். எல்லோருக்கும் வந்தனம் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

பாவம், தள்ளாமை, என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. தள்ளாமை காரணம் இல்லை, பயம்தான். அந்த மூக்கைப் பற்றி அந்த மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு வாய் வரவில்லை. எழுதினால் கை வருகிறதா என்று பார்க்கிறேன்.

என் தகப்பனார் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஐந்து பிள்ளைகளில் ஒருவனையாவது பிரசங்கியாராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு மேடை என்றால் அன்றைக்கும் நடுக்கம். வைத்தியம் படிக்கிறேன் என்று சொல்லிச் சென்னைக்குத் தப்பி ஓடினேன். நாலு வருஷம் படித்தேன். எலும்புகளின் பெயர் தெரிந்தது, கட்டி கீறத் தெரிந்தது, மருந்து கலக்கத் தெரிந்தது. நோயாளி நம்மைத் தேடி வருவான் என்ற நம்பிக்கையில்தான் எல்லாப் புத்தகங்களும் எழுதப்பட்டிருந்தன. அவன் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

முதல் உத்தியோகம் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் ஒரு ஊர். பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அங்கே சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் நோயாளிகள் உட்கார ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு வேப்பமரம். அதை ஒட்டி எங்கள் குடித்தனம். நானும் என் மனைவி எஸ்தரும். இப்போது நினைத்தால் அந்த இரண்டு அறையின் கார்பாலிக் வாசனையும், ஜன்னல் வழியாக வரும் ஆற்றுக் காற்றும் ஒன்றாகக் கலந்துதான் ஞாபகம் வருகிறது. என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் அவை. அதனால்தான் இதைச் சொல்லுவது இத்தனை கஷ்டமாக இருக்கிறது.

மருந்து கலக்கிக் கொடுக்க மீரான் சாயிபு என்று ஒரு கம்பவுண்டர். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு முன்னால் அங்கே இருந்த டாக்டர்களை எல்லாம் பழக்கி அனுப்பியவர். என்னையும் பழக்கினார். எனக்கு முன்கோபம் அதிகம். நான் கத்தி முடிக்கும் வரை மருந்துப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார். முடிந்ததும், "இப்ப அடுத்த ஆளக் கூப்பிடட்டா அய்யா?" என்பார்.

பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடியும். அதோடு கோயில் கொடை விழாக்கள் தொடங்கும். ஊருக்கு ஊர் ஜனங்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கூடவே வைசூரியும் வரும். கிராம முன்சீப் வாரம் ஒரு சீட்டில் ஊரில் வைசூரி உண்டா இல்லையா என்று எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் முன்சீப்பின் சீட்டில் எப்போதும் "இல்லை" என்றுதான் இருக்கும். பிறகு ஒரு நாள் வாய்க்கால் கரையில் சின்னக் குழியாக ஒன்று வெட்டுவார்கள். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு வெட்டுவார்கள்.

ஜனங்கள் ஏன் மறைத்தார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பெரியம்மை வந்தால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் இருக்கும் வீட்டில் வெளி ஆள் கால் வைக்கக் கூடாது. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. வந்த முதல் வருஷம், இருந்த கோபத்தில், முன்சீப்பை மிரட்டி ஊருக்கு வெளியே ஒரு ஓலைக் கொட்டகை போடவைத்து, வைசூரி கண்ட ஒரு பையனைத் தலையாரியை விட்டுத் தூக்கிவரச் செய்து அதில் கிடத்தினேன். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அன்றிலிருந்து ஒரு மாதம் அந்தத் தெருவிலிருந்து ஒரு ஆள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வந்து உட்காரவில்லை. பிழைக்கவைத்தும் இப்படியா என்று எனக்கு ஆங்காரம்.

மறு வருஷம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நானும் மீரானும் ஒரு காய்ச்சல்காரரைப் பார்த்துவிட்டுத் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மீரான் ஒரு வீட்டு முன்னால் நடையைத் தளர்த்தி, "அய்யா, இந்த வீட்டுல இன்னைக்குத் தாளிக்கல" என்றார். அவர் தாளிப்பைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் விளக்கிச் சொன்னார். ஆத்தாள் இறங்கியிருக்கிற வீட்டில் எண்ணெய் காயவைக்க மாட்டார்கள், கடுகு வெடிக்கவிட மாட்டார்கள், எதையும் பொரிக்கவோ வறுக்கவோ மாட்டார்கள். அந்தச் சூடும் நெடியும் அவளுக்கு ஆகாது. மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். உள் அறையில், வேப்பிலை பரப்பிய பாயில் ஒரு பெண் கிடந்தாள்.

அன்றிலிருந்து அதுவே எனக்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் உலை கொதிக்கிற நேரமாகப் பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். சுற்றுப்பட்ட ஊர்களில் ஒரு தெருவையும் விடுவதில்லை. எல்லாச் சமையல்கட்டிலும் கடுகும் உளுந்தும் பொரிகிற நேரம் அது. பைய நடப்பேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக் காது, பெருங்காயத்துக்கும் கறிவேப்பிலைக்கும் மூக்கு. மணக்காத வீட்டை மனசில் குறித்துக்கொண்டு மறுநாள் தலையாரியோடு போவேன். தவறாமல் இருக்கும். மூக்கு மழுங்கிவிடக் கூடாது என்று பொடி போடுகிற பழக்கத்தைக்கூட விட்டேன். எஸ்தர் எத்தனையோ நாள் சொல்லியும் விடாத பொடி. அவள் சிரித்தாள். மூக்கு டாக்டர் என்று ஊரில் பெயர் வந்தது. வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

ஜில்லாவுக்கு மேலதிகாரியாக அப்போது இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவரை நாங்கள் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லுவோம். ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தால் நேரே உள்ளே வர மாட்டார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். தம் முறை வரும் வரை ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு, யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், கம்பவுண்டர் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். முறை வந்ததும் என் முன்னால் வந்து நாக்கை நீட்டிக் காட்டுவார். பிறகுதான் தலைப்பாகை ஏறும். ரிஜிஸ்டரைத் திறப்பதற்கு முன்னால் எப்போதும் ஒரே வார்த்தை: "கெட்டதை முதலில் சொல்லும். நல்லதைத் தபாலில் எழுதிக்கொள்ளலாம்."

என் மூக்கு வித்தையைக் கேட்டு அவர் வெகுவாக ரசித்தார். மற்ற ஆஸ்பத்திரிகளும் இந்த வழியைப் பின்பற்றலாம் என்று ஜில்லா முழுக்க ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதில் என் பெயர் இருந்தது. தகப்பனாருக்குக் காட்ட அதில் ஒரு பிரதியைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அடுத்த பங்குனியில்தான் அது நடந்தது.

எங்கள் ஊரிலேயே, வாய்க்காலை ஒட்டி ஒரு தெரு. இரண்டு பக்கமும் சாகுபடி செய்கிற குடும்பங்கள். இடது பக்கம் ஐந்தாவது வீட்டில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கொழும்பில். இசக்கி என்று ஆறு வயதில் ஒரு பெண், கைக்குழந்தையாக ஒரு பையன். ஒரு வெள்ளிக்கிழமை தெரு முழுக்க மணத்தது, அந்த ஐந்தாவது வீடு எல்லாவற்றையும் விட. எனக்குப் பசியே வந்துவிட்டது. கைப்பக்குவம் உள்ள பெண் என்று மீரானிடம் சொன்னேன். அவர் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மறு வெள்ளிக்கிழமையும் அதே மணம். அப்போது மீரான் மெல்ல, "அய்யா, இந்த வீட்டுல கடுகு வெடிக்குத சத்தம் நாம வாசலுக்கு வந்த பொறவுதான் கேக்குது" என்றார். "நேரத்துக்குச் சமைக்கிறது குத்தமா வே?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் குடையை வாங்கித் தூசி தட்டினார். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் நான் ரிஜிஸ்டரில் "இல்லை" என்று எழுதினேன். முன்சீப்பின் கையெழுத்தைவிட என் கையெழுத்து அழகாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை காலை தலையாரி வந்து, அந்தத் தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு முத்துப் போட்டிருக்கிறது என்றார். பேச்சியம்மாளின் மகள் இசக்கியை முந்தின நாள் வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னார். அவளுக்குத்தான் முதலில் கண்டதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சின்ன உயிர் போனதற்கா, நான் ஏமாந்ததற்கா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவள் வீட்டுக்குள் போனேன். சமையல்கட்டில் அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. அவள் தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. ஏன் மறைத்தாய், சொல்லியிருந்தால் இந்தத் தெருப் பிள்ளைகளுக்காவது அம்மைப்பால் குத்தியிருப்பேனே என்று கத்தினேன். அவள் அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க வருத நேரம் பாத்துத்தான் அய்யா எண்ணெயக் காய வச்சேன். பிள்ளையக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிருவியளோன்னு பயந்து கடுகு போட்டேன். ஆத்தா உள்ள முத்தோட கெடக்கா. நான் அவ மூஞ்சியில தாளிச்சேன். மூணு தடவ."

மகள் செத்தது தன்னால் என்று அவள் சொல்லுகிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. உடனே எனக்குத் தெரிந்த சாஸ்திரத்தை எடுத்து விட்டேன். தாளிப்பதால் ஒன்றும் ஆகாது, கடுகுக்கும் வைசூரிக்கும் சம்பந்தமே கிடையாது, அது வெறும் நம்பிக்கை என்றேன். அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா, அப்ப எதுக்கு அய்யா மோந்து பாத்துக்கிட்டே வந்திய?"

இத்தனை வருஷமாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய பக்தியை ஒரு தடயமாக வைத்துக்கொண்டு அவர்களைப் பிடித்து வந்தேன். அது தெரிந்துபோனதும், பிள்ளையைக் காப்பாற்ற ஒருத்தி தன் பக்தியையே மீற வேண்டியதாயிற்று. உண்மையில் அந்தப் பெண் இசக்கியை நானும் காப்பாற்றியிருக்க முடியாது. கண்டுவிட்ட வைசூரிக்கு எங்களிடம் அன்று மருந்து கிடையாது. இன்றும் கிடையாது. அவள் செத்தது வைசூரியால். ஆனால் தாயின் தலையில் அந்தக் கடுகை ஏற்றியது நான்.

வாசலுக்குப் போய்ப் பூட்ஸைக் கழற்றினேன். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தேன். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். அண்ணத்தில் சிவப்பாகப் புள்ளிகள். அவனுக்கும் வந்துவிட்டது. அவன் பெயர் சுடலைமுத்து.

"அந்தப் பாவம் ஒன்னது இல்ல தாயி, என்னது. ஆத்தாகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"நீங்க ஏசுவக் கும்பிடுத வேதக்காரரு. அவகிட்ட எப்பிடிச் சொல்லுவிய?"

"எப்பிடியும் சொல்லுவேன்."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. நான் இந்தப் பையனைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது. குளித்துவிட்டு வர வேண்டும். செருப்பு கூடாது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை என் வீட்டிலும் தாளிக்கக் கூடாது. கொட்டகை என்ற பேச்சே கூடாது. சரி என்றேன்.

எஸ்தரிடம் இதை எப்படிச் சொல்லுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள், ஜெபத்தில் உறுதியானவள். சொன்னதும் அடுப்பிலிருந்த தாளிக்கிற இரும்புக் கரண்டியை எடுத்துக் கழுவி மேலே செருகினாள். "எனக்குச் சின்னதுல மணல்வாரி அம்மை போட்டப்ப எங்க அம்ம ரெண்டு வாரம் தாளிக்கல. பாஸ்டருக்குத் தெரியாது" என்றாள். மறுநாள் மீரானும், நான் கேட்காமலே, தம் வீட்டிலும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிடட்டா என்றார்.

தினமும் காலை ஆற்றில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு அந்த வீட்டுக்குப் போனேன். செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நொய்க் கஞ்சியை ஆறவைத்துத் துணியில் நனைத்துக் கொடுப்பது, வாயைத் துடைப்பது, சொறியாமல் கையில் துணி சுற்றுவது. முக்கியமாகக் கண். வைசூரி கண்ணில் இறங்கினால் பிழைத்தாலும் குருடு. போரிக் அமிலம் கலந்த வெந்நீரை ஆறவைத்து, பஞ்சில் தோய்த்து, உள் மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு ஒரு தரம்தான். ஒட்டின இமையைப் பிரிக்கக் கூடாது. நனைத்து, அதுவாகத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை என்று ஒன்று வந்தது அந்த வாரத்தில்தான். பேச்சியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே என்னைவிட நன்றாகச் செய்தாள்.

தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் வெறுங்காலோடு வருவதைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் மணம் இல்லாததை ஒருத்தி வந்து மோந்து பார்த்துப் போனாளாம், எஸ்தர் சொன்னாள். எனக்கு அது வேண்டியதுதான். நாலாம் நாள் ஒரு தாய் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "இவனுக்குப் பால் குத்துங்க" என்றாள். பின்னாலேயே தெருவில் மிச்சம் இருந்த பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள்.

அம்மைப்பால் சென்னையிலிருந்து ரயிலில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் வரும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மீரான் அதை வாழை மட்டைக்குள் பொதிந்து, ஈரத் துணி சுற்றி, மணல் நிரப்பிய பானையில் வைத்திருப்பார். பிள்ளையின் கையைத் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். கத்தியைச் சுடரில் காட்டி ஆறவிட்டு, ஒரு சொட்டுப் பாலை வைத்து, தோல் மேல் லேசாகக் கீற வேண்டும். ரத்தம் ஓடக் கூடாது, சிவந்தால் போதும். காய்கிற வரை தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு முந்தின வருஷங்களில் நான் தெருமுனை திரும்புவதற்குள் எலுமிச்சம்பழச் சாறு ஊற்றிக் கழுவிவிடுவார்கள். இந்தத் தடவை ஒருத்தியும் கழுவவில்லை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். எல்லாக் கைகளிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. அந்தத் தெருவில் அதற்குப் பிறகு குழி வெட்டவில்லை.

சுடலைமுத்து பிழைத்துக்கொண்டான். முகமெல்லாம் தழும்பு. கண் இரண்டும் தப்பியது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பேச்சியம்மாள் அவன் தலையில் ஊற்றியபோது நானும் அங்கே இருந்தேன். அன்று பகலில் எஸ்தர் கடுகு தாளித்தாள். சோற்றில் கை வைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறைப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த மாதக் கடைசியில் பெரிய டாக்டர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார், நாக்கை நீட்டினார், தலைப்பாகையை வைத்துக்கொண்டார். கெட்டதை முதலில் சொல்லும் என்றார். சொன்னேன். மூன்று வெள்ளிக்கிழமை நான் எழுதிய "இல்லை"களைக் காட்டினேன். தாளிப்பு விஷயத்தையும், அவள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை அவர் வாயிலிருந்த கிராம்பைக் கடிக்கவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை வாங்கி, பார்வையிட்டதைக் குறிக்கும் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி என் பக்கம் திருப்பினார். "இந்த முறையைப் பாராட்டி ஜில்லா முழுக்க அனுப்பியவன் நான். தவறில் பாதி என்னுடையது." அந்த வாரமே முந்தின சுற்றறிக்கையை ரத்து செய்து இன்னொன்று போட்டார். அப்படிப்பட்ட ஒருவரின் கீழே வேலை பார்த்தேன் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இனி என்ன செய்வீர் என்று கேட்டார். நான் பெண்களிடம் பேசி வைத்திருந்ததைச் சொன்னேன். வீட்டில் அம்மை கண்டால் முன்சீப்பிடமும் சொல்ல வேண்டாம், தலையாரியிடமும் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு கொத்து வேப்பங்குழையை வைத்துவிட்டு, எந்தத் தெரு என்று மீரானிடம் மட்டும் சொன்னால் போதும். நான் குளித்து, வெறுங்காலோடு வருவேன். தாய் சொல்லாமல் பிள்ளையைத் தொட மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பால் குத்திவிட்டுப் போவேன். இது சட்டத்தில் இல்லையே என்றேன். "எழுதிக் கேட்காதீர். செய்யும்" என்றார்.

மறு வருஷம் ஜன்னலில் வேப்பங்குழைகள் வரத் தொடங்கின. சலவைக்குத் துணி எடுக்கிற பெண்கள்தான் ஊர் ஊராகக் கொண்டுவந்தார்கள். கணக்குப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் மட்டும் வைசூரி திடீரென்று ஏறியிருந்தது. ஏன் என்று சென்னையிலிருந்து காரமாக ஒரு கடிதம் வந்தது. ஏறியது வைசூரி இல்லை, ஜனங்கள் சொல்லுவதுதான் ஏறியிருக்கிறது, சாவை எண்ணிப் பாருங்கள் என்று பெரிய டாக்டர் பதில் எழுதினார். அதை எண்ணிப் பார்த்த பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிற்பாடு சுகாதார வேலைக்கென்று தனியாக அதிகாரிகளை வைத்தபோது இந்த ஜில்லாவுக்கு என்னைப் போட்டார்கள். கங்கைகொண்டான் முதல் திசையன்விளை வரை அதே வழியைத்தான் நடத்தினேன். தெற்கே எங்கள் வேதக்காரர் ஊர்களில், இங்கே வேப்பிலையெல்லாம் கிடையாது என்று உபதேசியார் அடித்துச் சொல்லுவார். அவர் வீட்டுக் கொல்லையிலிருந்தே குழை வரும். ஆக, மூக்கு டாக்டர் என்று பெயர் வாங்கியவன், மோந்து பார்ப்பதை விட்ட பிறகுதான் உருப்படியாக ஏதோ செய்தான். இதைத்தான் அந்த மேடையில் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆற்றங்கரை ஊர்களுக்கு முகாம் போகும்போதெல்லாம் அந்த வாய்க்கால் தெரு வழியாகத்தான் போவேன். சமையல் நேரமாக இருந்தால் தெருவே மணக்கும். ஐந்தாவது வீடு மட்டும் மணக்காது. அந்த வீட்டில் வைசூரி இல்லை என்று எனக்குத் தெரியும். பையன் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பான். பிறகு வயலுக்குப் போகிற ஆளாக வளர்ந்தான். பேச்சியம்மாள் வாங்க அய்யா என்பாள், மோர் கொடுப்பாள். மோரிலும் தாளிப்பு இருக்காது. இசக்கி போனதிலிருந்து அவள் ஒரு நாளும் எண்ணெய் காயவைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்டதே இல்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு காலை, பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு அவளும் மகனும் வந்தார்கள். ரயிலில் வந்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. சுடலைமுத்துக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். புது மருமகள் தாளிக்காமல் எப்படிச் சமைப்பது என்று கேட்டு அழுகிறாளாம். அதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு ஆத்தாகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்னு சொன்னியள்லா. சொல்லியாச்சா அய்யா?"

இத்தனை வருஷமாக அவள் அதற்குக் காத்திருந்திருக்கிறாள். நான் அதை ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்று நினைத்து மறந்திருந்தேன். அவள் அதை வாக்காக வைத்திருந்தாள்.

"சொல்லியாச்சு தாயி" என்றேன்.

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலே, கேட்டியா? வீட்டுக்குப் போயி அவளத் தாளிக்கச் சொல்லு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே எஸ்தர் அவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் பேச்சியம்மாள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். ஆனால் எழுந்து போகவில்லை. ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் சொன்னது பொய். அவளுடைய ஆத்தாளிடமும் நான் சொன்னதில்லை, என் ஜெபத்திலும் சொன்னதில்லை, ஒரு மனிதர் முன்னாலும் சொன்னதில்லை. பெரிய டாக்டரிடம் சொன்னது உத்தியோகத் தவறு. இது வேறு. சபை கூடி, அந்த மூக்குக்காகவே கை தட்டி, சொல்ல இடமும் கொடுத்தது. அப்போதும் வந்தனம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே இங்கே சொல்லுகிறேன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அந்த அடுப்பில் எண்ணெய் காயவைத்தது பேச்சியம்மாள் இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று அவளைப் பயமுறுத்தி வைத்திருந்த நான்தான். பழி என்னுடையது.

இது அச்சில் வந்ததும் ஒரு பிரதியை அந்த ஊருக்கு அனுப்பப் போகிறேன். பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சுடலைமுத்து படித்துக் காட்டுவான். அவனுக்குக் கண் இரண்டும் நன்றாகத் தெரியும்.